தொய்வின் கணக்கு: மலைச்சரிவில் வடம் கொண்டு மரம் இழுத்தல்

மலைச்சரிவில் மரத்தை வெட்டிச் சாய்ப்பது சிறிய வேலை. சாய்ந்த மரத்தைச் சாலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் காசும் காலமும் செலவாகின்றன. அமெரிக்காவின் ஆரெகன், வாஷிங்டன் மாநிலங்களிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் வளரும் டக்ளஸ் ஃபிர் மரத்தில் 80 செ.மீ. விட்டமும் 10 மீட்டர் நீளமும் உள்ள ஒரு துண்டு 5 கனமீட்டர் இருக்கும். பச்சையாக இருக்கும்போது அதன் எடை ஏறத்தாழ 4 டன். சமதரையில் இதை ஒரு டிராக்டர் இழுத்துப் போய்விடும். நூறு மீட்டருக்கு நாற்பது மீட்டர் ஏறும் சரிவில், அதாவது 22 பாகை அளவில், நிலைமை மாறிவிடுகிறது. சக்கரம் வழுக்குகிறது, வண்டி கவிழப் பார்க்கிறது, அது உழுத தடத்தில் அடுத்த மழை ஓடை வெட்டுகிறது. ஆகவே எந்திரம் மேலே சாலையிலேயே நிற்க, வடம் மட்டும் காட்டுக்குள் இறங்கும் முறை வந்தது.

பழனி மலையில் இரண்டு வகை ஏற்றமும் உண்டு: தரையோடு தரையாகத் தண்டவாளத்தில் இழுக்கப்படும் விஞ்ச், ஆகாயத்தில் வடத்தில் தொங்கிச் செல்லும் ரோப் கார். மரம் இழுக்கும் தொழிலின் வரலாறு முதலாவதிலிருந்து இரண்டாவதை நோக்கி மெல்ல நகர்ந்த கதைதான். இழுக்கும் பலத்துக்கு அங்கே பெரிதாகக் குறை இருந்ததில்லை. மரத்தின் முன்முனையை மண்ணிலிருந்து எப்படித் தூக்குவது, தூக்குவதற்கு வடம் என்ன விலை கொடுக்கிறது என்பவைதான் தொடக்கம் முதல் இன்றுவரை கேள்விகள்.

கலிஃபோர்னியாவின் யுரீகா நகரில் மரத்தொழில் நடத்திய ஜான் டோல்பியர் 1881இல் ஒரு நீராவி எந்திரத்தைக் காட்டுக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு காப்புரிமையும் பெற்றார். அதற்குமுன் அங்குள்ள ரெட்வுட் காடுகளில் காளைகளை ஏர் ஏராகப் பூட்டி, குறுக்காகக் கட்டை பதித்து எண்ணெய் தடவிய பாதையில் தடிகளை இழுத்தார்கள். டோல்பியரின் எந்திரம் எளிமையானது: நிமிர்ந்து நிற்கும் ஒரு கொதிகலன், ஒரு சிலிண்டர், வடம் சுற்றும் ஓர் உருளை. தொழிலாளர் அதற்கு ‘டாங்கி’ என்று பெயர் வைத்தார்கள், கழுதை என்ற பொருளில். எந்திரத்தை இடம் மாற்ற வேண்டுமானால் தொலைவில் உள்ள அடிக்கட்டை ஒன்றில் வடத்தின் நுனியைக் கட்டி உருளையைச் சுழற்றுவார்கள். பெரிய மரச்சட்டங்களின் மேல் அமர்ந்திருந்த எந்திரம் தன்னைத் தானே மலைமேல் இழுத்துக்கொண்டு போகும்.

தொடக்கத்தில் சுற்றியது மணிலா நார்வடம். அது நனைந்தால் கனத்தது, சீக்கிரம் நைந்தது. ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் 1834இல் இரும்புக் கம்பிகளை முறுக்கிச் செய்த வடம் அதற்குள் உலகெங்கும் பரவியிருந்தது. அது மரக்காட்டுக்கும் வந்தது. ஆனால் இழுவை இன்னும் தரையோடுதான் நடந்தது. வடம் கிடையாகப் போகும்போது தடியின் மூக்கு மண்ணைக் குத்தும், பாறையில் முட்டும், அடிக்கட்டையில் சிக்கும். சிக்கிய தடியை விடுவிக்க ஆள் போக வேண்டும். அதற்குள் எந்திரம் இழுத்துவிட்டால் வடம் அறும். இழுத்த நேரத்தைவிடச் சிக்கெடுத்த நேரம் அதிகம் என்ற நிலை பல இடங்களில் இருந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதே சிக்கலுக்கு வேறு விடைகள் கண்டிருக்கிறார்கள். ஆனைமலையில் டாப்ஸ்லிப் என்ற பெயர் நிலைத்ததே தேக்குத் தடிகளை அந்த உச்சியிலிருந்து சரிவில் வழுக்கிவிட்டதால்தான். பறம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சி அரசு போட்ட டிராம் பாதையில், செங்குத்தான இடங்களில் தடி ஏற்றிய வண்டி இறங்கும் எடையைக் கொண்டே காலி வண்டியை வடத்தால் மேலே ஏற்றினார்கள். இரண்டுமே புவியீர்ப்பை வேலைக்கு வைத்தவை. ஆனால் வழுக்குப் பாதையும் தண்டவாளமும் போட்ட இடத்திலேயே கிடப்பவை. தடியை அங்கே கொண்டுவரும் வேலை யானைகளுடையது.

அமெரிக்க மேற்குக் கரையில் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் பரவிய தீர்வு, கப்பியை உயரத்தில் மாட்டுவது. தடிகளைச் சேர்க்கும் களத்துக்கு அருகில் நேராக வளர்ந்த பெரிய மரம் ஒன்றைக் கம்பமாக விட்டுவைப்பார்கள். காலில் ஏறுமுள் கட்டிய ஒருவர் கோடரியும் ரம்பமும் இடுப்பில் தொங்க மரத்தைச் சுற்றி ஒரு கயிற்றை வளைத்துப் போட்டு ஏறுவார். அந்தக் கயிற்றின் நடுவே எஃகுக் கம்பி ஓடும். கிளைகளைத் தறிக்கும்போது கோடரி தவறிப் பட்டால் கயிறு துண்டாகக் கூடாது அல்லவா? ஐம்பது மீட்டருக்கு மேல் ஏறி நுனியை அறுத்துத் தள்ளுவார். நுனி விழும் உதைப்பில் மீதி மரம் முன்னும் பின்னும் ஆடும். அவர் அதைக் கட்டிப்பிடித்து அடங்கும்வரை இருப்பார். பிறகு மரத்தைச் சாயாமல் பிடிக்கும் ஸ்டே வடங்கள் உச்சியில் சுற்றிக் கட்டப்பட்டு, கனமான பெரிய கப்பி ஒன்று தொங்கவிடப்படும். ஐம்பதுகளின் நடுவிலிருந்து வண்டியில் ஏற்றிய எஃகுக் கோபுரங்கள் வந்து, இந்த மரங்களுக்கும் அவற்றில் ஏறியவர்களுக்கும் வேலை இல்லாமல் செய்துவிட்டன.

கோபுரமும் விஞ்சும் சேர்ந்த எந்திரத்துக்கு யார்டர் என்று பெயர். அதன் மிக எளிய அமைப்பில் இரண்டு உருளைகள் உண்டு. ஒன்றிலிருந்து போவது இழுவடம். அது கோபுர உச்சிக் கப்பி வழியாகக் காட்டுக்குள் போய்த் தடியை இழுத்து வருகிறது. மற்றொன்று திருப்புவடம், மெல்லியது, இருமடங்கு நீளமானது. அது உச்சியிலிருந்து வெட்டுப்பகுதியின் மறுகோடிவரை போய், அங்கே அடிக்கட்டைகளில் கட்டிய கப்பிகளைச் சுற்றிவந்து இழுவடத்தின் நுனியோடு சேர்கிறது. இழுவடத்தைச் சுற்றினால் சுமை களத்துக்கு வரும். திருப்புவடத்தைச் சுற்றினால் காலி நுனி காட்டுக்குத் திரும்பும். இந்தச் சுற்றுப்பாதையை முதன்முறை அமைக்கும்போது கனமான வடத்தை யாரும் சுமந்துபோக முடியாது. விரல் பருமனுக்கும் குறைந்த ஒரு வடத்தை ஆட்கள் தோளில் போட்டு மலையைச் சுற்றி இழுத்துப் போவார்கள். அது அடுத்ததை இழுக்கும், அடுத்தது அதைவிடப் பெரியதை இழுக்கும். இப்போது பல இடங்களில் அந்த முதல் இழையை ட்ரோன் கொண்டுபோய்ப் போடுகிறது.

இழுவடத்தின் நுனியில் சில மீட்டர் நீளமுள்ள சுருக்குவடங்கள் தொங்கும். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஓர் எஃகுக் குமிழ். வடத்தின் மேலேயே நகரும்படி மணி வடிவில் ஒரு பூட்டு. ஆள் குனிந்து, தடிக்கு அடியில் குமிழை நுழைத்து, மறுபக்கம் வாங்கி, பூட்டில் செருகிவிட வேண்டும். இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகும். களத்தில் தடி தரையில் படிந்து வடம் தளர்ந்ததும் ஒருவர் குமிழைக் கழற்றிவிடுவார். சொல்வதற்கு எளிது. ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் தடிகளுக்கு நடுவே, மழையில் வழுக்கும் பட்டையின் மேல் கால் வைத்துச் செய்யும்போது, இந்தத் தொழிலின் மிகக் கடினமான உடலுழைப்பு இதுவே.

கோபுர உச்சியில் இருந்து இழுப்பதால் தடியின் மூக்கு தூக்கப்படுகிறது, ஆனால் களத்துக்கு அருகில் வரும்போதுதான். தொலைவில் வடம் ஏறத்தாழ கிடையாகவே இருக்கும். அங்கே பழைய சிக்கல் அப்படியே. முழுத் தூரமும் மூக்கு தூக்கப்பட வேண்டுமானால் தலைக்கு மேலே ஒரு தடம் வேண்டும். அதுதான் தாங்குவடம்: ஒரு முனை கோபுரத்தில், மறுமுனை எதிர்ச்சரிவிலோ அடிவாரத்திலோ உள்ள மரத்திலோ அடிக்கட்டையிலோ. அதன்மேல் சக்கரங்களில் ஒரு தொங்குவண்டி ஓடும். வண்டியிலிருந்து தடி தொங்கும்.

தாங்குவடத்தைக் கட்டுவதில் மூன்று வழிகள் முக்கியமானவை. இரு முனையும் அசையாமல் கட்டப்பட்டது ஒரு வகை. நீண்ட தூரத்துக்கும், நடுவில் தாங்கிகள் வைப்பதற்கும் ஏற்றது. இரண்டாவதில் ஒரு முனை யார்டரின் உருளையில் இருக்கும்; வேலை நடக்கும்போதே வடத்தை இறக்கவும் ஏற்றவும் முடியும். எந்திரம் மேலேயும் சரிவு போதுமானதாகவும் இருந்தால் தொங்குவண்டி தன் எடையிலேயே கீழே ஓடிவிடும், திருப்புவடமே தேவையில்லை. வடத்தைத் தளர்த்தினால் வண்டி தரைக்கு இறங்கும், சுருக்கு மாட்டிய பின் இறுக்கினால் சுமை எழும், இழுவடம் அதைக் களத்துக்குக் கொண்டுவரும். மிகக் குறைந்த கருவிகளோடு மிக அதிக வேலை செய்யும் முறை இதுவே. மூன்றாவது வகையில் திருப்புவடமே தாங்குவடமாகவும் வேலை செய்கிறது. இரு உருளைகளையும் பற்சக்கரங்களால் இணைத்து, ஒன்று விடும் வடத்தின் ஆற்றலை மற்றொன்று பயன்படுத்திக்கொள்ளச் செய்வார்கள். கட்டவும் அவிழ்க்கவும் எளிது என்பதால் குறுகிய தூரங்களில் இது விரும்பப்படுகிறது.

வண்டியிலும் தரம் உண்டு. எளிய வண்டி தன் நேர்க்கீழே உள்ள தடியை மட்டும் எடுக்கும். வடத்தைத் தன்னுள்ளிருந்து பக்கவாட்டில் இழுத்துவிடும் வசதியுள்ள வண்டி, பாதையின் இருபுறமும் இருபது முப்பது மீட்டர் தள்ளிக் கிடப்பதையும் நடுப்பாதைக்கு இழுத்து, பிறகு தூக்கிச் செல்லும். மொத்தமாக வெட்டாமல் இடையிடையே மரங்களைத் தேர்ந்து எடுக்கும் காடுகளில் இந்த வசதி இல்லாமல் வேலையே நடக்காது.

தாங்குவடத்தைப் பற்றிய எந்தப் பேச்சும் தொய்வில்தான் வந்து நிற்கும். கட்டிய வடம் நேர்கோட்டிலிருந்து நடுவில் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது தொய்வு. அதை நீளத்தின் சதவீதமாகச் சொல்வது வழக்கம். இரு முனையும் ஒரே மட்டத்தில் உள்ள 300 மீட்டர் வடத்தின் நடுவில் 4 டன் தொங்குவதாகக் கொள்ளலாம். சுமையை நீளத்தால் பெருக்கி, தொய்வின் நான்கு மடங்கால் வகுத்தால் அந்தச் சுமையால் வடத்தில் ஏறும் கிடைவிசை கிடைக்கும். தொய்வு 10 சதவீதம், அதாவது 30 மீட்டர் என்றால் விசை 10 டன். தொய்வு 6 சதவீதமானால் 16.7 டன். 3 சதவீதமானால் 33.3 டன். சுமை மாறவில்லை, வடத்தை இறுக்கிக் கட்டியதற்கே இந்தத் தண்டனை.

ஓர் அங்குல விட்டமுள்ள எஃகு வடம் மீட்டருக்கு 2.75 கிலோ இருக்கும். 300 மீட்டரின் எடையே 800 கிலோவைத் தாண்டும். அந்தச் சொந்த எடைக்காக மேற்சொன்ன மூன்று நிலைகளிலும் முறையே 1 டன், 1.7 டன், 3.4 டன் கூட்ட வேண்டும். உயர்தர எஃகில் செய்த அவ்வடம் ஏறத்தாழ 47 டன்னில் அறும். மரத்தொழிலில் அறும் பலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் வேலை வாங்குவது நெறி. அப்படியானால் எல்லை 15.6 டன். பத்து சதவீதத் தொய்வில் 4 டன் தடி பத்திரமாக வரும். ஆறு சதவீதத்தில் சுமையை 3.3 டன்னாகக் குறைக்க வேண்டும். மூன்று சதவீதத்தில் ஒன்றரை டன்கூடத் தூக்கக் கூடாது. இந்தக் கணக்கில் எந்திரத்தின் குதிரைத்திறன் எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய எந்திரம் வாங்கினால் வடம் இன்னும் விரைவாக அறும், அவ்வளவுதான்.

அப்படியானால் வடத்தைத் தாராளமாகத் தொய்யவிட்டால் என்ன? தொய்ந்தால் சுமை தரையில் படும். எனவே வடத்துக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு வெளி இருக்கிறது என்பதை மலையின் வடிவம்தான் தீர்மானிக்கிறது. கிண்ணம்போலக் குழிந்த சரிவு வடத்துக்கு வரம். யானை முதுகாகப் புடைத்த சரிவில் நடுவில் ஒரு தாங்கிமரம் வைத்தால் ஒழிய வேலை நடக்காது. பார்த்த கண்ணுக்குச் சீரான சரிவாகத் தெரிவது அளந்து பார்த்தால் நடுவில் புடைத்திருப்பது அடிக்கடி நடக்கும். அதனால் சாலை போடுவதற்கு முன்பே ஒவ்வொரு வடப்பாதையின் கீழும் தரை உயரங்களை அளந்து படம் வரைகிறார்கள். கணினி வருமுன், அப்படத்தை நிமிர்ந்த பலகையில் ஒட்டி, மெல்லிய சங்கிலி ஒன்றை இரு முனையிலும் பிடித்துத் தொங்கவிட்டு, சங்கிலி தரைக்கோட்டைத் தொடுகிறதா என்று பார்த்தார்கள். அமெரிக்க வனத்துறையின் லைசன்ஸ், மான் இருவரும் 1967இல் வெளியிட்ட தொய்வுக் கையேடு இந்தப் பலகை முறையை ஊழியர் எல்லோரும் செய்யக்கூடியதாக்கியது. இன்று அதே வேலையை மென்பொருள் செய்கிறது, தர்க்கம் மாறவில்லை.

வடத்தின் விசை எங்காவது போய் நிற்க வேண்டும். ஒரு முனையில் அது கோபுரத்தைச் சாய்க்கப் பார்க்கும்; அதை ஸ்டே வடங்கள் பின்னால் பிடிக்கின்றன. ஸ்டே வடம் தரையோடு 45 பாகையில் இருந்தால், பிடிக்க வேண்டிய கிடைவிசையைப் போல் 1.4 மடங்கு இழுவிசை அதில் வரும். 60 பாகையில் இரு மடங்கு. கோபுரத்தை ஒட்டியே கட்டுவது வேலையை மிச்சப்படுத்துவதுபோலத் தோன்றும், உண்மையில் வடத்தை வருத்தும், கோபுரத்தின் அடியை நசுக்கும். மறுமுனையில் நங்கூரம் பெரும்பாலும் அடிக்கட்டைதான். அதன் பிடிப்பு விட்டத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது: 60 செ.மீ. கட்டை 30 செ.மீ. கட்டையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு தாங்கும். ஈர மண்ணில் மேலோட்டமாக வேர் விட்ட கட்டையை நம்பக் கூடாது. பெரிய கட்டை கிடைக்காத இளங்காடுகளில் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டுவார்கள், தடியைக் குழி தோண்டிப் புதைத்து அதில் கட்டுவார்கள், அல்லது புல்டோசரையே நங்கூரமாக நிறுத்துவார்கள்.

ஒரு கட்டை பிடுங்கிக்கொண்டு வந்தால் அதோடு வடம் பக்கவாட்டில் வீசும். வளைந்து செல்லும் வடத்தின் உள்வளைவில் ஆள் நிற்கக் கூடாது என்பதே முதல் பாதுகாப்பு விதி. கப்பி கழன்றால் வடம் அந்தப் பக்கமாகத்தான் பாயும். சுருக்கு மாட்டியவர்கள் பக்கவாட்டில், தடியின் நீளத்துக்கும் அதிகமாக விலகி நின்று, சுமை போகும் திசையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யார்டர் ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் அவர்கள் தெரியமாட்டார்கள். அதனால் ஊதல்தான் மொழி. பழைய நாட்களில் எந்திரத்தின் நீராவி ஊதல்வரை ஒரு கம்பி இழுத்துக் கட்டி, அதை இழுப்பதற்கென்றே ஓர் இளைஞரை நிறுத்தினார்கள். பின்பு இடுப்பில் கட்டும் வானொலிப் பொத்தான் வந்தது. ஓடும் வடத்தை நிறுத்த ஒரே ஒரு குறுகிய ஊதல். யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுத்தால் கேள்வி கேட்காமல் நிறுத்த வேண்டும். ஒருவர் அடிபட்டதைச் சொல்ல நீண்ட ஊதல்களின் தனித் தொடர் உண்டு.

வடமும் தேயும். வெளிக் கம்பிகள் அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருப்பது கையுறையைக் கிழித்த பிறகுதான் பலருக்குத் தெரியவரும். அடிக்கட்டையில் சிக்கிய தடியை வேகமாக வெட்டி இழுக்கும்போது கணநேரத்தில் ஏறும் விசை கணக்கில் சொன்ன எல்லையைத் தாண்டிவிடும். வடங்கள் பெரும்பாலும் அப்படித்தான் கெடுகின்றன. ஸ்டே வடம், முதல் இழை போன்ற இடங்களில் இப்போது செயற்கை இழைக் கயிறு வந்துவிட்டது. ஏறத்தாழ அதே பலம், எஃகின் எடையில் சிறு பகுதிதான். ஆனால் உராய்வும் சூடும் அதற்கு ஆகாது, ஆகவே ஓடும் வடங்களின் இடத்தை அது பிடிக்கவில்லை.

எந்திரம் மேலே நிற்பதா, கீழேயா என்பதில் மரத்தொழிலாளரும் மண்ணியலாரும் ஒத்துப்போவது அபூர்வமான நல்ல சங்கதி. மேல்நோக்கி இழுத்தால் தடி வடத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது, களத்தில் இருப்பவர்கள் சுமைக்குக் கீழே மாட்டிக்கொள்வதில்லை. தடிகள் உரசிய தடங்களும் களத்திலிருந்து கீழே விசிறியாக விரிகின்றன. மழைநீர் அவற்றில் பிரிந்து ஓடி அடங்கும். கீழ்நோக்கி இழுத்தால் எல்லாத் தடங்களும் ஒரே களத்தில் வந்து கூடும், நீரும் மண்ணும் அங்கேதான் சேரும். தடியும் தன் எடையில் முன்னே பாயப் பார்க்கும். ஓடையைக் கடக்கும் இடத்தில் தடியை முழுவதுமாகத் தூக்கியே கொண்டுபோக வேண்டும். அங்கே தாங்குவடம் முழுச் சுமையையும் ஏற்கிறது; மற்ற இடங்களில் பின்முனை தரையில் உரசி வருவதால் ஏறக்குறையப் பாதிதான்.

ஆல்ப்ஸ் மலையில் தொழில் வேறு வழியில் வளர்ந்தது. சுவிட்சர்லாந்தின் யாக்கோப் விசென் முப்பதுகளின் இறுதியில் வடிவமைத்த தொங்குவண்டி, பாதையில் எந்த இடத்திலும் தாங்குவடத்தைப் பற்றிக்கொண்டு நின்று தடியை இறக்கி ஏற்றும். சறுக்குக் கட்டைமேல் அமைந்த விஞ்ச் தன் வடத்தாலேயே மலையுச்சிக்கு ஏறிவிடும். சாலையே இல்லாத சரிவுகளில் ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளமான பாதைகள் இப்படிக் கட்டப்பட்டன. கட்டி முடிக்கவே சில நாட்கள் ஆகும். அதனால் ஒரு பாதையில் போதிய மரம் கிடைத்தால்தான் கட்டுபடியாகும். சாலைகள் பெருகிய பிறகு ஆஸ்திரியாவில் லாரியில் ஏற்றிய சிறு கோபுர யார்டர்கள் பரவின. களத்திலேயே கிளை நீக்கித் துண்டு போடும் கையும் அதே லாரியில் இருக்கும். இரண்டு மூன்று பேர் சில மணி நேரத்தில் பாதை கட்டி, தேர்ந்த மரங்களை மட்டும் எடுத்துவிடுகிறார்கள்.

அண்மைக் காலத்தில் வடம் வேறொரு வேலையும் செய்கிறது. மேலே நிற்கும் ஒரு விஞ்ச், மரம் வெட்டும் எந்திரத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, அந்த எந்திரம் 40 சதவீதத்தைத் தாண்டிய சரிவிலும் இறங்கி வெட்டுகிறது. வடத்தின் இழுவிசை எந்திரத்தின் பிடிப்போடு சேர்வதால் சங்கிலித்தடம் மண்ணைக் கிளறுவது குறைகிறது. எந்திரம் தரையில் வழுக்காமல் நிற்க வடத்தை மட்டுமே நம்பும் நிலைக்குச் சரிவு போகக் கூடாது என்பது இதன் எல்லை. வெட்டுபவர் எஃகுக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பதால் விழும் மரத்தாலும் கிளையாலும் நேரும் சாவு குறைந்திருக்கிறது. வெட்டிய தடிகளை அந்த எந்திரமே மூக்கு களத்தை நோக்கும்படி கற்றையாக அடுக்கி வைக்கும். தாங்குவடத்தில் ஓடும் இடுக்கி அவற்றை அப்படியே கவ்வி எடுத்துவருவதால், ஆள் குனிந்து குமிழை நுழைக்கும் வேலையும் அந்தச் சரிவுகளில் இல்லாமல் போகிறது.